கீரையில் குரோமியம்: மாதிரி எடுக்கும் முறை

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் பகுதிகளைக் கடந்துவரும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. தோல் கழிவில் குரோமியம் உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றம், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். உள்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது.

கீரையைச் சோதிக்க விரும்பும் பாலாற்றுப் படுகை விவசாயிகள், சாலையோரத்தையும் வரப்போரத்தையும் தவிர்த்து, வயலில் 10 முதல் 15 இடங்களில் பறித்துக் கலந்து அரை கிலோ எடுக்கவேண்டும்.

மண்ணில் இலையைவிடப் பல மடங்கு குரோமியம் இருக்கும். ஒட்டியுள்ள சிறிது மண்ணும் நல்ல கீரையைக் கெட்டதாகக் காட்டிவிடும். எனவே மூன்று முறை நன்னீரிலும், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசவேண்டும். எவர்சில்வரிலும் குரோமியம் உண்டு. கத்தி வேண்டாம், கையால் கிள்ளி, பிளாஸ்டிக் பாத்திரத்தில் அலசவும். தூசி படாமல் நிழலில் உலர்த்தி, காகிதப் பையிலிட்டு, வயல், தேதி, பாசன நீர் விவரம் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பவும்.