கையுறைப் பெட்டிக்குள் தயாராகும் எரிபொருள்

“மாமா, நம்ம நாட்டுல அணு உலை வந்தா கரண்ட் பில் குறையுமா?”

தீபாவளி விருந்தில் அக்கா மகன் கேட்டான். ஜொகூரில் கூலாய்ப் பக்கம் ஒரு தரவு மையத்தில் வேலை பார்க்கிறான். அந்த மையங்களுக்கு மின்சாரம் மலையளவு வேண்டும். அணுசக்தியை நம் அரசாங்கமும் மீண்டும் ஆராய்கிறது. வானொலியில் தினமும் பேசும் எனக்கு அன்று பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். தேடல் தமிழகத்தின் கல்பாக்கத்துக்குக் கொண்டுபோனது.

அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலைக்குக் கலப்பு ஆக்சைடுதான் எரிபொருள். யுரேனியம் ஆக்சைடும் புளூட்டோனியம் ஆக்சைடும் சேர்ந்தது அது. புளூட்டோனியம் சுரங்கத்தில் கிடைப்பதில்லை. மற்ற உலைகளில் யுரேனியம் எரியும்போது உண்டாகிறது. பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அடுப்புச் சாம்பலில் மிஞ்சிய கரியைப் பொறுக்கி மறுபடி எரிப்பது மாதிரி.

மகாராஷ்டிராவின் தாராப்பூரில் இரண்டு பொடிகளையும் கலந்து அரைத்து, சிறு வில்லைகளாக அழுத்தி, சுமார் 1600 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். வில்லைகளை மெல்லிய உருக்குக் குழாய்களில் அடுக்கி, முனையைப் பற்றவைத்து மூடுகிறார்கள்.

பொடியைக் கையாளும் வேலையெல்லாம் கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதனால் பெட்டிக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைக்கிறார்கள். கையுறை கிழிந்தாலும் காற்று உள்ளேதான் போகும்.

இவ்வளவு கவனம் வேண்டிய வேலை அவசரத்தில் முடியாது. கல்பாக்கத்தில் அந்த உலையின் கட்டுமானம் தொடங்கியது 2004இல். உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். இடையில் 20 ஆண்டுகள்! மறுபடி எரித்தாலும் கழிவு அடியோடு தீர்ந்துவிடாது. அணு பிளந்த மிச்சத்தை நெடுங்காலம் காக்க வேண்டும்.

பேராக் புக்கிட் மேராவில் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1980களில் மக்கள் நீதிமன்றம் ஏறியதை நம் பெற்றோர் மறக்கவில்லை.

சென்ற வாரம் அவனை அழைத்துச் சொன்னேன்: “தம்பி, பில்லு சீக்கிரம் குறையாதுப்பா. உலை வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, மிச்சத்தை யார், எங்கே, எத்தனை வருஷம் பாத்துக்குவாங்கன்னு கேளு.”

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “அதை நீங்க ரேடியோவுலயே கேளுங்க மாமா” என்றான்.

கேட்கத்தான் போகிறேன்.