குதிரைக்கும் ஒரு கவசம்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், என் மகள் குதிரையேற்றம் பழகுகிறாள் என்று சொன்னதும் "ரேஸ் கோர்ஸிலா ஸார்?" என்று கேட்காத அன்பர் இல்லை. ரேஸ் வேறு, தடை தாண்டுதல் வேறு. புனே ரேஸ் கோர்ஸில் மழைக்காலப் பந்தயங்களில் ஓடும் குதிரைகளுக்குத் தாண்ட வேண்டிய வேலை இல்லை. நான் சொல்ல வந்தது கம்பங்களைத் தாண்டும் குதிரைகளைப் பற்றியும், அவற்றின் வயிற்றில் கட்டும் ஒரு தோல் பட்டையைப் பற்றியும்.

சேணம் நழுவாமலிருக்க, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் சுற்றி இறுக்கும் வாருக்கு இங்குள்ள லாயங்களில் 'தங்' என்று பெயர். சாதாரணத் தங் ஒரு கையகலம்தான் இருக்கும். தாண்டும் குதிரைக்கென்றே செய்ததில் நடுப்பகுதி மட்டும் சிறு முறம் போல அகன்றிருக்கும். கடையில் அதைப் பார்த்து, "அழகுக்கு இவ்வளவு செலவா?" என்று மறுத்தவன் அடியேன்தான்.

அது அழகுக்கு அல்ல. தாண்டும்போது குதிரை முன்னங்கால்களை மடக்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். தடை உயர உயர மடிப்பும் இறுகும். ஒலிம்பிக்கில் தடைகள் 1.60 மீட்டரைத் தொடுகின்றன. ஈரப் புல்லில் வழுக்காமலிருக்க லாடத்தின் பின்பக்கம் துளையிட்டு இரும்புக் குமிழ்களைத் திருகுவார்கள். மடங்கிய காலின் லாடம் அந்தக் குமிழோடு நெஞ்செலும்பின் அடியில் வந்து மோதும். அங்கே சதைப்பற்று குறைவு.

ஒரு ஜூலை மாதம், நல்ல மழை விட்ட மறுநாள். குமிழ் வைத்த லாடம், சாதாரணத் தங். மூன்று தடைகளை அழகாகத் தாண்டிய குதிரை நான்காவதின் முன் நின்றுவிட்டது. "அடம் பிடிக்கிறான், ஒன்று வை!" என்று யாரோ கத்தினார்கள். மகள் சவுக்கால் அடித்தாள். மறுபடியும் நின்றது. சைஸ் ஓடிவந்து வயிற்றின் கீழ் கையை விட்டு எடுத்தார். விரலெல்லாம் ரத்தம்.

கால்நடை மருத்துவர் தையல் போட்டார். தங் படும் இடத்திலேயே காயம் என்பதால் பல வாரங்கள் சேணமே வைக்க முடியவில்லை. "வலிக்குதுன்னு சொல்லத்தானேப்பா நின்னான்? நான் அடிச்சேனே!" என்று அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கடையில் மறுத்தது யார் என்று அவள் கேட்கவுமில்லை.

1982-இல் டில்லி ஆசியப் போட்டியில் ரகுபீர் சிங் தங்கமும், 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூரின் ஃபவாத் மிர்சா வெள்ளியும் வென்ற பிறகு, நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. அப்படி யாரேனும் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். மணல் தரையில் குமிழ் இல்லாமல் சிறு தடைகள் தாண்டுகிற வரை இந்தப் பட்டை பெரும்பாலும் தேவைப்படாது. வீண் செலவு வேண்டாம். வாங்கினால், முழங்கை உரசும் இடத்தில் ஓரம் வளைத்து வெட்டி மென்மையாக மடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கான்பூர் சேணத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே செய்தவை வெளிநாட்டுக்கே போகின்றன.

கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆகவே சிறிது நடத்தியபின் மறுபடி ஒரு துளை இறுக்க வேண்டும். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால், பட்டைக்கடியில் சிக்கிய தோல் சுருக்கம் நீங்கும். வேலை முடிந்ததும் வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். குமிழ்களைக் கழற்றிய துளைகளில் பஞ்சு அடைக்க வேண்டும். என் மகள் அதையெல்லாம் சைஸிடம் விடுவதில்லை. சேணத்தை இறக்கியதும் முதலில் அவள் கை போவது அந்தத் தழும்புக்குத்தான்.