காலிக் கோட்டையும் கறுவாப்பட்டையும்

மளிகைக் கடை என்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் இல்லாமல் முடியாது. அந்தப் பட்டைக்காகவே அந்நியர் வந்து மதில் எழுப்பிக் குடியிருந்த துறைமுக ஊர் ஒன்று நமக்கு வெகு அருகில், இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. அதுதான் காலி. கொழும்புக்கு வியாபார விஷயமாகப் போகும் வணிக அன்பர்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். அதிவேக நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால் கடல் தெரியாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. டிசம்பர் முதல் மார்ச் வரை போவது நலம்.

போர்ச்சுகீசியர் 1505-ல் இலங்கைக்கு வந்தனர். காலியில் அவர்கள் கட்டிய கோட்டையை டச்சுக்காரர் 1640-ல் பிடித்து, இன்று நாம் காணும் பெரிய மதிலாக வளர்த்தனர். 1796-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பழைய வாயிலின் உட்புறம் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும், வெளிப்புறம் ஆங்கில அரசின் சின்னமும் உள்ளன. முதலாளி மாறியதும் கடைப் பலகையை மாற்றுவது போலத்தான்! வாயிலை ஒட்டி நீண்டு கிடக்கும் கட்டடம் டச்சுக்காரரின் கிடங்கு. அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

அந்தக் கிடங்குக்கு வந்த முக்கியச் சரக்கு பட்டை. அங்கே அதன் பெயர் கறுவா. ஆரம்பத்தில் அது காட்டில் தானாக வளர்ந்தது. பட்டை உரிப்பதே தொழிலான சமூகத்தார் ஆண்டுதோறும் இவ்வளவு எனக் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். தனியார் எவரும் பட்டை விற்றால் மரண தண்டனை வரை உண்டு. 1760-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில், விலை இறங்கிவிடக் கூடாதென்று மூட்டை மூட்டையாகப் பட்டையை எரித்தார்களாம். நம்மில் எவருக்காவது சரக்கைக் கொளுத்த மனம் வருமா? ஏகபோகம் கையில் இருந்தால் வரும் போலும். ஆங்கிலேயர் காலத்தில் 1833-ல்தான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. ஆனால் மலிவான சீனத்துப் பட்டை அதற்குள் சந்தையில் இடம் பிடித்துவிட்டது.

அந்தப் போட்டி இன்றும் நம் கல்லா வரை வருகிறது. நம்மூர்க் கடைகளில் பட்டை என்று நிறுக்கப்படுவது பெரும்பாலும் சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளின் காசியா வகை. அது கனமாக, கெட்டியாக, ஒரே சுருளாக இருக்கும், காரம் தூக்கல். இலங்கைக் கறுவாவோ காகிதம் போன்ற மெல்லிய ஏடுகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிச் சுருட்டியது, விரலால் நொறுக்கலாம், வாசனையில் இனிப்பு இருக்கும். அதிலும் மிக மெல்லிய சுருளுக்கு 'ஆல்பா' என்று பெயர், விலையும் அதற்கே அதிகம். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவுக்கு மீறித் தினமும் உண்டால் கல்லீரலுக்கு ஆகாது. இரண்டையும் விற்கலாம், ஆனால் ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்கலாகாது. 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் புவிசார் குறியீடு வழங்கியுள்ளது. காலி மாவட்டத்தில் கறுவாத் தோட்டங்கள் நிறைய உண்டு. உரிப்பதை நேரில் பார்த்தால் விலை ஏன் அவ்வளவு என்பது விளங்கும்.

காலித் துறைமுகத்தில் பாறைகள் உண்டு. பருவக் காற்றும் நேராக அடிக்கும். கொழும்பில் 1885-ல் அலைதடுப்புச் சுவர் முடிந்தபின் கப்பல்கள் அங்கே போய்விட்டன, காலியின் வியாபாரம் படுத்தது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாததால்தான் பழைய தெருக்கள் பிழைத்தன என்று நமக்குத் தோன்றுகிறது. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி மதிலுக்கு வெளியே பஸ் நிலையப் பகுதியைச் சூறையாடியது; மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது.

இப்போது வந்திருப்பது வேறு வகை அலை. வெளிநாட்டார் வீடுகளை வாங்கி ஓட்டல்களாக்கி வருகின்றனர். குடியிருப்போர் குறைந்தால் அரிசி பருப்பு வாங்க ஆள் ஏது? தெருவெங்கும் நகை, ரத்தினக் கல், லேஸ், நினைவுப் பொருள் கடைகளாகவே தெரிகின்றன. உள்ளே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. மொழிக் கவலை வேண்டாம். விவரம் தெரியாதவர்கள் கல் மட்டும் வாங்க வேண்டாம்.

கொழும்பு திரும்பியதும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டைக் காண்க. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409-ஆம் ஆண்டினது. 1911-ல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயிலின் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. சிங்களம் அதில் இல்லை. துறைமுகத்தில் எந்த மொழியில் கணக்கு நடந்தது என்பதைச் சீனர் விசாரித்தே வந்திருக்கின்றனர்.