அம்மாவுக்குக் கப்பலில் எந்த அறை?

சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போகிறது என்று தெரிந்ததிலிருந்து, மரக்காணத்து டீக்கடைகளில் தம்பிமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, அம்மாவ ஒரு தடவ கப்பல்ல கூட்டிட்டுப் போகணும். பால்கனி வெச்ச ரூமே போட்டுடட்டுமா?" கேட்கிறவர்களில் உப்பளத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மா பாத்தியில் உப்பு வாரிச் சேர்த்த காசில் படித்து, இன்று ஒரகடத்திலோ துபாயிலோ வேலை பார்க்கிறவர்கள். இருப்பதிலேயே விலை கூடியதை அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிற அந்த ஆசை பெரிய ஆசை. அதனால்தான் ஒரு டீயைக் கையில் கொடுத்து, உட்காரவைத்து, நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்ல வேண்டியது இதுதான். பகலில் கப்பல் முழுக்க நம்முடையது. சாப்பாட்டுக் கூடம், மேல்தளம், பாட்டுக் கச்சேரி என்று எங்கே வேண்டுமானாலும் அம்மாவை உட்காரவைக்கலாம், கடலையும் காட்டலாம். இரவானால் அம்மாவுக்கு இருப்பது ஓர் அறையும், கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகிற நாலடித் தூரமும்தான். ஆகவே பெற்றவர்களோடு போகிறவர்கள் அறையை அவர்களுடைய இரவை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜன்னல், பால்கனி, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

எந்தக் கப்பல் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பியது கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை. மறு வருடம், 2023 ஜூன் 5 அன்று, அதே கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். இந்தக் கப்பல் பிரான்சில் கட்டப்பட்டு 1990-ல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. சுமார் 210 மீட்டர் நீளம். அந்தக் காலத்துக் கப்பல் என்பதால், இப்போது கட்டுகிற கப்பல்களைப்போல வரிசையாகப் பால்கனி அறைகள் இதில் கிடையாது. உள் அறை, கடல் பார்த்த ஜன்னல் அறை, அதற்கு மேல் பால்கனியோடு கூடிய சில பெரிய அறைகள், இவ்வளவுதான் வகை.

இனி ஆட்டத்தைப் பார்ப்போம். கப்பல் இரண்டு விதமாக ஆடும். முன்பக்கம் ஏறி இறங்குவது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது மற்றொன்று. ஃபைபர் படகில் அணியத்தில் உட்கார்ந்து அலை தாண்டிப் போனவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே இடுப்பு கழன்றுவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் பேசிக்கொண்டே வருவான். பெரிய கப்பலிலும் அதே கதைதான். நீளத்தில் நடுப்பகுதி அதிகம் ஏறி இறங்காது. பக்கவாட்டுச் சாய்வோ உயரம் போகப் போகக் கூடும், கீழ்த்தளங்களில் குறைவு. இந்தச் சாய்வைக் குறைக்கத்தான் பெரிய பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு மாதிரி ஒரு சாதனம் வைத்திருக்கிறார்கள். சாய்வை அது நன்றாகவே அடக்கும். முன்பக்கம் ஏறி இறங்குவதை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆக, அம்மாவுக்கு உகந்த இடம் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். நல்ல சேதி என்னவென்றால், கீழ்த்தள அறைகள் பெரும்பாலும் மேல்தள அறைகளைவிட விலை குறைவு.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கரையில் பாத்தியில் உப்பு விளைகிற மாதங்களில் கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பும் இல்லை, கடலும் நம்முடையதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணத்தை என்ன செய்தது என்று யாரும் மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயதானவர்களைக் கடலில் கூட்டிப் போவதைத் தவிர்ப்பது நல்லது. ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம். அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். இலங்கையின் தெற்குக் கரையில், அம்பாந்தோட்டைப் பக்கம், தென்மேற்குப் பருவக்காற்றின் அலை இருக்கும். கப்பலின் நடுவில் உள்ள கீழ்த்தள அறையின் அருமை அந்த இரவில் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். உள் அறைதான் மலிவு. அதற்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. இளைஞர்களுக்கு அது சுகமான தூக்கம். வயதானவர்களுக்கு அப்படியில்லை. தூங்கி விழித்தால் விடிந்ததா, நள்ளிரவா, எங்கே படுத்திருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாது. அந்தக் குழப்பத்தில் எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார்கள். நம் ஊர் அம்மாக்களை இதில் தனியாக யோசிக்க வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பல வருடம் பார்த்த கண்கள் அவை. பலருக்குப் பார்வை மங்கியிருக்கிறது, புரை அறுவை முடிந்திருக்கிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர்களை ஜன்னல் இல்லாத அறையில் விடக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால், ராத்திரி முழுக்கக் கழிவறை விளக்கை எரியவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

அப்படியானால் பால்கனியா? அம்மா அதிகம் நடக்க மாட்டார், நாளின் பெரும்பகுதி அறையிலேயே இருப்பார் என்றால் பால்கனி நல்ல செலவு. காற்று வரும், நாற்காலி போட்டு உட்காரலாம். ஆனால் பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில், ஆட்டம் கூடும். வாசற்படியும் கொஞ்சம் உயரமாக இருக்கும். நடக்கிற அம்மாவுக்கு, கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் வைத்த அறையே போதும் என்பது என் முடிவு. ஜன்னல் திறக்காது. ஆனாலும் பகல் பகலாகத் தெரியும். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றலும் குறையும். முன்பதிவு செய்யும்போது, ஜன்னலை உயிர்காக்கும் படகு மறைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில அறைகளில் ஜன்னலுக்கு வெளியே கடலே தெரியாது. படகின் அடிப்பாகம்தான் தெரியும்.

இப்போது கழிவறை. படத்தில் யாரும் உற்றுப் பார்க்காத இடம், அம்மாவுக்கு முக்கியமான இடம். பல கப்பல்களில், குறிப்பாகப் பழைய கப்பல்களில், குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு படி கட்டியிருப்பார்கள். சில அங்குல உயரம்தான். தூக்கக் கலக்கத்தில், கப்பல் ஆடும்போது, மூட்டு மடங்காத காலைத் தூக்கி அதைத் தாண்ட வேண்டும். உள்ளே இருவர் நிற்க இடமிருக்காது. பிடித்துவிட நீங்கள் கூடப் போகவும் முடியாது. குளிக்கிற மூலைக்கு ஒரு திரை, அதற்கும் ஒரு சிறு தடுப்பு. ஈரத்தரையில் வழுக்கினால் பிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கென்றே பல பயணிகள் கப்பல்களில் சில அறைகளைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழைகிற அகலக் கதவு, படி இல்லாத குளியலறை, சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க இருக்கை. எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். சக்கர நாற்காலி இல்லாமல் தடியூன்றி நடக்கிறவர்களும் தயங்காமல் கேட்கலாம். என்ன கஷ்டம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். கிடைக்காவிட்டால், குளியலறைப் படி எவ்வளவு உயரம், கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். முகவருக்குத் தெரியவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அது நம் உரிமை.

கட்டில் விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. அறை விலை இருவருக்கு என்று கணக்கு. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த ஆள்கள் படுப்பது சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மேல் கட்டிலில், ஏணி வைத்து. அதை இறக்கிவிட்டால் கீழே படுத்திருக்கும் அம்மா நிமிர்ந்து உட்காரும்போது தலையில் இடிக்கக்கூடும். ஏணி வேறு கழிவறைக்குப் போகிற வழியை மறிக்கும். நான்கு பேர் என்றால் இரண்டு அறை எடுங்கள். அம்மாவும் மகளும் ஓர் அறையில், மகனும் பேரனும் எதிர் வரிசை உள் அறையில். அம்மாவின் அறைக்கு ஜன்னல், உங்களுக்கு இருட்டறை. இடைக்கதவு உள்ள இரட்டை அறை கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மா இருக்கிற அறையில் இரண்டு கட்டிலையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் தூக்கம் கெடாது.

பிறகு தூரமும் சத்தமும். கப்பலின் நடைக்கூடம் நீளமானது. மின்தூக்கியிலிருந்து கடைசி அறைவரை நடப்பதற்குள் மூட்டு வலிக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மின்தூக்கிக்கு ஒட்டினாற்போல வேண்டாம். அங்கே நள்ளிரவுவரை ஆள் நடமாட்டம். நாலைந்து கதவு தள்ளி இருந்தால் சரியாக இருக்கும். தள வரைபடம் இணையத்தில் கிடைக்கும். நம் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம். கீழே ஆட்ட அரங்கம் என்றால் நள்ளிரவில் அதிர்கிற இசை. அறை எண்ணை நாமே குறிப்பிட்டு வாங்க வேண்டும். 'எந்த அறை என்பதை நாங்கள் ஒதுக்குவோம்' என்கிற மலிவுச் சீட்டு பெற்றவர்களோடு போகிறவர்களுக்கு ஆகாது.

ஆபத்து நேரத்தையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது. 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி நடத்தியாக வேண்டும். அம்மா களைத்திருக்கிறார் என்று அதைத் தவிர்க்காதீர்கள். அவசரத்தில் மின்தூக்கி கிடையாது, படிக்கட்டுதான். கூடுகிற இடத்துக்கு எத்தனை படி என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் துணை தேவைப்படும் என்று ஊழியர்களிடம் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கரையிறங்குவதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்காது. 2022-ல் புதுச்சேரியில் இறங்க இந்தக் கப்பலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் வந்தபோது கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது. பயணிகள் படகில்தான் கரைக்கு வந்தார்கள். ஆடுகிற படகில் கால் வைக்க முடியாதவர்களுக்கு அன்று முழுப் பகலும் கப்பலில்தான். அப்படிப்பட்ட நாளில் அறையின் ஜன்னல் இன்னும் பெரிதாகத் தெரியும்.

சொகுசுக் கப்பலுக்கு வசதியில்லை, அந்தமானுக்குத்தான் போகிறோம் என்பவர்களுக்கும் இதே கணக்குதான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம், கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். நான்கௌரி, சுவராஜ் தீப் என்ற கப்பல்களின் பெயர் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். டீலக்ஸ் அறையில் இருவர், குளியலறை உள்ளேயே. அதற்குக் கீழே நான்கு, ஆறு பேர் படுக்கிற அறைகள். கடைசியில் பங்க் வகுப்பு: பெரிய கூடம், அடுக்குப் படுக்கை, பொதுக் கழிவறை. நீங்கள் தனியாகப் போனால் பங்க் போதும். அம்மாவோடு என்றால் உள்ளேயே குளியலறை இருப்பதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. அதுவும் முடியாதென்றால், கீழ்ப்படுக்கையையாவது கேட்டு வாங்குங்கள்.

1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம்வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது. அதில் போன நம் முன்னோரில் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. நமக்கு இருக்கிறது, அதைச் சரியாகச் செய்ய வேண்டியது நம் கடமை.

இன்னும் சில சின்ன விஷயங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று கேளுங்கள். கடல் மயக்கத்துக்கான மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும், வயதானவர்களை விழவைக்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மரக்காணத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 120 கிலோமீட்டர். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். துறைமுக வரிசையில் நிற்க முடியாது என்றால் சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அம்மாவிடம் நேராகவே கேளுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? படி ஏற எந்தக் கால் வலிக்கிறது? இருட்டில் கண் தெரிகிறதா? பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தள வரைபடத்தைத் திறந்தால், எந்த அறை என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வராது.