சைக்காலஜி படித்தால் பெயர்ப்பலகை வைக்கலாமா?

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பகலில் கடையைப் பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் முடித்தவர்கள் நிறையப் பேர். வணிகவியல், வரலாறு, தமிழ் என்று எதையும் அப்படிப் படிக்கலாம். அண்மைக்காலம் வரை சைக்காலஜியையும் படிக்க முடிந்தது, இக்னோவில் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் இருந்தன. 2025 ஆகஸ்டில் அந்த வழி அடைபட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு - ஊட்டச்சத்து போன்ற பாடங்களுக்கு அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ இனிப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது, 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவம் முதலே இது பொருந்தும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது.

தரம் குறைந்தது என்ற பொதுவான புகார் மட்டும் இதற்குக் காரணமல்ல. சுகாதாரம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், டயட்டீஷியன் வரிசையில் உளவியலாளரையும் அதன் அட்டவணை சேர்த்திருக்கிறது. மனிதர்களை நேரில் பார்த்துப் பழக வேண்டிய தொழிலை வீட்டிலிருந்தே படித்து முடிக்க முடியாது என்பதே இதிலுள்ள வாதம். அது சரியான வாதம்தான். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்த கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இனிக் கல்லூரி வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை. தபால் வழி எம்.ஏ. என்று இன்றும் யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுவதற்கு முன் யுஜிசி இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கல்லூரியில் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு முடிந்ததும் “சைக்காலஜிஸ்ட்” என்று பலகை மாட்டலாமா? வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு உரிமம் இல்லாமல் கடை திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாட்டக் கூடாது. “கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்” யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. உளவியலில் முதுகலை முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல், இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்சிஐ அங்கீகரித்த இடத்தில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.பில். முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு ஆர்சிஐயின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 1992இல் வந்த ஆர்சிஐ சட்டத்தின்படி, பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கேரளத்தில் கோழிக்கோடு இம்ஹான்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா முதலிய இடங்களில் இந்த எம்.பில். நடந்துவந்தது. எல்லா இடத்திலும் இருக்கைகள் குறைவு, போட்டி கடுமை.

“நடந்துவந்தது” என்று எழுதக் காரணம் இருக்கிறது. எம்.பில். என்ற பட்டத்தையே யுஜிசி 2022இல் ஒழித்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் விலக்கு கொடுத்து, 2025-26 சேர்க்கை வரை நீட்டித்தது. ஆர்சிஐயும் சும்மா இருக்கவில்லை. நான்கு ஆண்டு பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஹானர்ஸ் என்ற புதிய படிப்பை 2024இல் கொண்டுவந்தது. மேல்நிலைப் படிப்புகளையும் மாற்றி அமைத்துவருகிறது. இப்போது முதலாமாண்டில் இருக்கும் மாணவர் முதுகலை முடிக்கும்போது இந்த ஏணியின் படிகள் வேறாக இருக்கலாம். அண்ணனோ அக்காவோ போன வழியை அப்படியே நம்பாமல், ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சிஐயின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளினிக்கல் மட்டுமே உளவியல் அல்ல. கவுன்சலர் வேலைக்கு எம்.பில். கேட்பதில்லை, முதுகலை போதும். கேரள அரசுக் கல்லூரிகளில் நடக்கும் ‘ஜீவனி’ மனநலத் திட்டத்துக்கு சைக்காலஜி அப்ரண்டிஸ்களை எடுக்கிறார்கள். ரெகுலராகப் படித்து வாங்கிய முதுகலைப் பட்டம் வேண்டும் என்று அந்த விளம்பரங்களிலேயே போட்டிருக்கும். பள்ளிக் கவுன்சலர் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். ப்ளஸ் டூவில் உளவியல் ஒரு பாடமாக இருக்கும் மாநிலம் கேரளம் என்பதால், முதுகலையோடு பி.எட்., செட் முடித்தவருக்கு ஆசிரியர் வேலைக்கும் வழி உண்டு. இளங்கலையோடு நிறுத்துபவர்களுக்கு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, ஆட்சேர்ப்பு, சந்தை ஆய்வு, தொண்டு நிறுவனக் களப்பணி, பிறகு எல்லாப் பட்டதாரிகளுக்கும் பொதுவான போட்டித் தேர்வுகள். அவை மோசமான வேலைகள் அல்ல. அவற்றை மனத்தில் வைத்து யாரும் சைக்காலஜி எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கேரளத்தில் 2024 ஜூலையில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. 133 கிரெடிட்டோடு மூன்றாம் ஆண்டில் வெளியேறலாம், 177 கிரெடிட்டோடு நான்காம் ஆண்டு முடித்து ஹானர்ஸ் வாங்கலாம். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆய்வு செய்து ‘ஹானர்ஸ் வித் ரிசர்ச்’ பெறலாம். இன்டர்ன்ஷிப்புக்கும் கிரெடிட் உண்டு. நான்கு ஆண்டு முடித்தவருக்கு முதுகலை ஓராண்டு போதும் என்று யுஜிசி விதி சொல்கிறது. கிளினிக்கல் பக்கம் போகிறவர்கள் மட்டும் அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆர்சிஐயின் நிபந்தனைகள் வேறு, அதைத் தனியே சரிபார்க்க வேண்டும். வேறொரு வசதியும் உண்டு: மைனர் பாடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். புள்ளியியலை எடுங்கள் என்பேன். சைக்காலஜிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கணக்குக்குப் பயந்து வருகிறவர்கள். அந்தப் பயத்தை முதலாண்டிலேயே தீர்த்துக்கொண்டவருக்கு ஆய்வு, மனிதவளம், தரவுப் பகுப்பாய்வு எல்லாமே எளிதாகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை ஆரியசாலைக்காரர்களுக்குக் குறையில்லை. கிழக்கே கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் வழுதக்காடு அரசு மகளிர் கல்லூரி பக்கம்தான். அங்கே உளவியல் துறை இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை காரியவட்டத்தில். ஸ்ரீகாரியம் லயோலா கல்லூரியில் கவுன்சலிங் சைக்காலஜி முதுகலை. 1870இல் தொடங்கிய அரசு மனநல மையம் பேரூர்க்கடை பக்கம் ஊளம்பாறையில் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக் கேலி செய்வதுபோல இங்கே ஊளம்பாறையைச் சொல்வார்கள். சைக்காலஜி மாணவர் முதலில் விட வேண்டியது அந்தக் கேலியை.

அதே பேரூர்க்கடையில்தான் மனோன்மணீயம் சுந்தரனாரின் ஹார்விபுரம் வீடு இருந்தது. இங்கே மகாராஜா கல்லூரியில் அவர் தத்துவம் கற்பித்த காலத்தில் இந்தியாவில் எங்கும் உளவியலுக்குத் தனித்துறை கிடையாது. மனத்தைப் பற்றிய பாடமெல்லாம் தத்துவத்துக்குள் அடங்கியிருந்தது. கல்கத்தாவில் 1916இலும் மைசூரில் 1924இலும் துறைகள் வந்தன. மைசூர்த் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசாமி, 1935இல் தம் வீட்டிலிருந்தே வானொலி நிலையம் ஒன்றை நடத்தியவர். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அந்த நிலையத்துடையது. உளவியல் படித்தவர் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லலாம்.

தமிழும் மலையாளமும் தெரிந்திருப்பது இந்த ஊர் உளவியல் மாணவருக்கு ஒரு பலம். தென் மாவட்டத் தமிழர்கள் திருவனந்தபுரம் மருத்துவமனைகளுக்கு வருவது இன்று நேற்றல்ல. நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலியிலிருந்து வலிப்பு நோய்க்கு ஸ்ரீ சித்ரா மருத்துவமனைக்கு வருவார்கள். அங்குள்ள மாதவன் நாயர் வலிப்பு நோய் மையத்தில் மூளை அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் நினைவாற்றலையும் மொழித் திறனையும் சோதிப்பது வழக்கம். எந்தப் பக்கத்தில் கைவைத்தால் எந்த ஆற்றல் குறையும் என்று தெரிந்தாக வேண்டுமே. நினைவுச் சோதனை என்றால் என்ன? ஒருவகைச் சோதனையில் பதினைந்து சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பதினைந்து சொற்களும் கேட்பவரின் அன்றாடச் சொற்களாக இருக்க வேண்டும். மலையாளத்தில் சாதாரணமான ஒரு சொல்லை அப்படியே தமிழில் மாற்றினால் புத்தகச் சொல்லாகிவிடலாம். நோயாளி மறந்துவிட்டார் என்று எழுதுவோம். உண்மையில் அது அவர் புழங்காத சொல்.

குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்க இன்னும் பலர் எடுப்பது பினே - காமத் சோதனை. வி.வி. காமத் அதை மராத்தி, கன்னடக் குழந்தைகளை வைத்து உருவாக்கினார். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி, கடையில் இரண்டையும் கலக்கும் ஆரியசாலைக் குழந்தையை எந்த மொழியில் சோதிப்பது? எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு நேரடியாக விடை தராது. நான்காம் ஆண்டு ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பை யாரும் இரவல் வாங்கத் தேவையில்லை, தெருவிலேயே இருக்கிறது. இரு மொழி அறிவு பெரிய ஆய்வுகளுக்கும் பொருளாகியிருக்கிறது. மறதி நோய் வந்த 648 பேரை ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. முடிவை வேறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம். கேள்வி எழுந்தது ஹைதராபாத் போன்ற, பல மொழி பேசும் நகரத்தில், திருவனந்தபுரமும் அப்படிப்பட்டதுதான். இரண்டு மொழியிலும் நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுதத் தெரிந்த மாணவரை மருத்துவமனையில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் ஆன்லைன் வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், அதில் ‘கிளினிக்கல்’ என்று பெரிய எழுத்து. அப்படிப் பத்துச் சான்றிதழ் சேர்ப்பதைவிட ஒரு மருத்துவமனையில் ஒரு மாதம் உட்கார்ந்து கவனிப்பது மேல். இளங்கலை மாணவர் அங்கே சிகிச்சை தரக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். நோயாளியின் பெயரும் கதையும் மருத்துவமனை வாசலைத் தாண்டக் கூடாது. துறைத் தலைவரின் கடிதத்தோடு மனநல மையத்துக்கும் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்துக்கும் காது கேளாதோருக்கான நிஷ் நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போக முடிந்தால் 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993 முதல் வீடற்ற பெண்களுக்காக இயங்கும் பான்யன், தற்கொலைத் தடுப்புக்கான சினேகா ஆகியவற்றை விசாரிக்கலாம். சினேகா பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்தே 1986 முதல் நடக்கிறது. ஒருவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை வகுப்பறையைவிட அங்கே சீக்கிரம் கற்கலாம்.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க அவசியமில்லை. 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் பாளையத்தில் இருக்கிறது. இக்னோ பாடங்கள் ஈஞானகோஷில், முதுகலைப் பாடங்கள் இ-பிஜி பாடசாலாவில், வகுப்புகள் ஸ்வயமிலும் என்பிடெலிலும் இலவசம். ஸ்வயம் தேர்வு எழுதினால் கல்லூரி அனுமதியோடு கிரெடிட்டாகவும் மாற்றலாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட உளவியல் பாடநூல் முழுவதும் இலவசம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு ஐசிடி-11 இணையத்தில் திறந்தே கிடக்கிறது. புள்ளியியலுக்கு ஜாஸ்ப், ஜமோவி. பரிசோதனை அமைக்க சைக்கோபை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம்.

முதுகலைக்கு வெளியூர் போக நினைப்பவர் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே க்யூட் பிஜி நுழைவுத் தேர்வைக் குறித்துவைக்க வேண்டும்; அண்மை ஆண்டுகளில் அது மார்ச்சில் நடந்திருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகவே சேர்க்கின்றன. நோயைவிட மூளையும் மொழியும் பிடித்தவர்களுக்கு காந்திநகர், கான்பூர் ஐஐடிகளில் அறிவாற்றல் அறிவியல் முதுகலை உண்டு. பணத்துக்கு, ப்ளஸ் டூவில் உயர் மதிப்பெண் பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். யுஜிசி நெட் எழுதி ஜேஆர்எஃப் கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். வருமானச் சான்றுக்குக் கடைசி வாரத்தில் வில்லேஜ் ஆபீசில் போய் நிற்காமல், கல்லூரியில் சேரும்போதே வாங்கிவைத்துவிடலாம்.