இரத்தம் ஊறச் செய்யும் ஊசி

டயாலிசிஸ் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அதிகம் கேட்பது 'ரத்தம் ஊறுகிற ஊசி'யைப் பற்றித்தான். மருந்துச் சீட்டில் அது எரித்ரோபொயட்டின் என்று எழுதப்பட்டிருக்கும். புற்றுநோய்ப் பிரிவிலும் அதே ஊசியைக் கேட்கிறார்கள். இரண்டு இடங்களிலும் எங்கள் விடை ஒன்றாக இருப்பதில்லை.

இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது சிறுநீரகம் எரித்ரோபொயட்டினைச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையை அடைந்து சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் இச்சுரப்பும் குறைந்து சோகை வருகிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தும் இரத்தம் ஏறவில்லையே என்று வருந்தும் தாய்மார்களுக்கு இதுவே காரணம். (அவ்விரண்டிலும் பொட்டாசியம் மிகுதி, டயாலிசிஸ் நோயாளிக்குக் கொடுக்குமுன் உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.)

இப்பொருளைப் பிரித்தெடுத்த கதை வியப்பூட்டுவது. 1977இல் சிகாகோவின் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் தூய எரித்ரோபொயட்டினைப் பெற்றனர். அதற்கு ஜப்பானின் குமாமோட்டோ பகுதியில் ஒருவகைக் கடுஞ்சோகை உற்ற நோயாளிகளிடமிருந்து திரட்டிய 2,550 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. கிடைத்ததோ சில மில்லிகிராம்! அவ்வளவைக் கொண்டு யாருக்கு வைத்தியம் பார்ப்பது? 1983இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் அதற்குரிய மனித மரபணுவைக் கண்டெடுத்தார். 1989இல் அமெரிக்க அரசு மருந்தை அனுமதித்தது.

இது 165 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அதன்மேல் நான்கு சர்க்கரைச் சங்கிலிகள் படர்ந்துள்ளன; மொத்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவற்றினுடையது. இத்தகைய பொருளைக் கிளைக்கோபுரதம் என்பர். சர்க்கரை இல்லாவிடில் கல்லீரல் அதனை விரைவில் இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். சாதாரண பாக்டீரியாவுக்கு இச்சங்கிலிகளைக் கட்டத் தெரியாது. ஆதலால் சீன வெள்ளெலியின் சினைப்பை உயிரணுக்களில் மனித மரபணுவைப் புகுத்தி, அவற்றைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து மருந்தைப் பெறுகிறார்கள். நீரிழிவு உள்ளவர்கள் அஞ்ச வேண்டாம்: ஒரு ஊசியில் உள்ள புரதம் மிகச் சிறிதளவே, இரத்தச் சர்க்கரையை அது உயர்த்தாது.

புற்றுநோயில் நிலைமை வேறு. கீமோதெரபியால் சோகை வருவது உண்மை; இந்த ஊசி ஹீமோகுளோபினை உயர்த்துவதும் உண்மை. ஆனால் 2003இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு மருத்துவர்களை நிதானிக்க வைத்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 351 பேரை அதில் கவனித்தனர். ஊசி பெற்றவர்களுக்கு இரத்தம் ஏறியது. நோயோ மற்றவர்களைவிடக் குறைவாகவே கட்டுப்பட்டது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் வேரூன்றிய நம் காவிரிக்கரை ஊர்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. 2007இல் அமெரிக்க அரசு மருந்தின் விவரக் குறிப்பில் கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. ஆதலால் முழுமையாகக் குணப்படுத்தும் நோக்குடன் கீமோதெரபி நடக்கும்போது இதனைத் தவிர்க்கிறார்கள். அத்தகைய நோயாளிக்குத் தேவையெனில் இரத்தமே ஏற்றுகிறார்கள். "அவருக்குப் போடுகிறீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வியில் உள்ள வேதனை எங்களுக்குப் புரிகிறது. அங்கே ஊசியை மறுப்பதும் வைத்தியத்தின் பகுதியே.

இதே புரதத்தை ஆய்வகங்களுக்கென மைக்ரோகிராம் கணக்கிலும் விற்கிறார்கள். சிவப்பணுக்கள் எவ்வாறு உருவாகின்றன, புற்றணுக்கள் இதற்கு எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என ஆராயப் பயன்படுகிறது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று குறித்த குப்பியை எவர் மலிவாகத் தந்தாலும் உடலில் செலுத்தக் கூடாது.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஊசி போடும் நாள்களில் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடுந்தலைவலி, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே வாருங்கள். உடலில் இரும்புச்சத்து போதாவிட்டால் ஊசி பலன் தராது. அதனால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துச் சோதிக்கிறோம்.

மருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. வேதாரண்யத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ பேருந்தில் வருவோர் ஐஸ் கட்டியின் மேல் நேரே வைக்காமல், துணியில் சுற்றிப் பையில் கொண்டுசெல்லுங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபின் டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய வேளையில் குளிர்சாதனப் பெட்டியில் சூடேறிப்போன குப்பியையோ, ஒருமுறை உறைந்துவிட்ட குப்பியையோ போட்டுக்கொள்ளாமல் மருந்தகத்தில் காட்டுங்கள்.