குருத்தெலும்பில் கேன்சர்: காலை எடுத்துத்தான் ஆகணுமா?

"வயசாயிடுச்சில்ல, மூட்டுவலிதான். தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்!"

ஐம்பதைத் தாண்டியவர் 'தொடையில் வலிக்குது' என்றால் நம் வீடுகளில் கிடைக்கும் முதல் பதில் இது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், ராத்திரி படுத்த பிறகும் விடாமல் குடைகிற வலி, மாதக்கணக்கில் மெள்ள மெள்ளப் பெரிதாகிற கெட்டியான வீக்கம்... இவை இருந்தால் தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அபூர்வமாக அது 'கான்ட்ரோசார்கோமா'வாக இருக்கலாம்.

அது என்ன?

காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளைகிறதே, அது குருத்தெலும்பு. மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருப்பதும் இதன் இன்னொரு வகைதான். இந்தக் குருத்தெலும்பை உண்டாக்கியபடியே வளர்கிற எலும்புப் புற்றுதான் கான்ட்ரோசார்கோமா. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். இடுப்பெலும்பு, தொடை எலும்பு, மேற்கை எலும்பு, தோள்பட்டை, விலா ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். சின்ன வயதிலிருந்தே எலும்பில் பல முடிச்சுகள் உள்ளவர்கள், வளர்ந்து ஆளான பிறகும் ஒரு முடிச்சு பெரிதானால் அலட்சியம் செய்யக் கூடாது.

பிழைப்பாரா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில், புற்றின் 'கிரேடு' என்ன என்பதில் இருக்கிறது. முதல் கிரேடு, சாதுவான ரகம். வளர்ச்சி மெதுவாக இருக்கும். வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். பத்தில் சுமார் ஒன்பது பேர் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். மூன்றாம் கிரேடு முரட்டு ரகம். நுரையீரலுக்குத் தாவும். இதில் பிழைப்பவர்கள் பாதிக்கும் குறைவு. இரண்டாவது கிரேடு இரண்டுக்கும் நடுவில். கை, காலில் வந்ததைவிட இடுப்பெலும்பில் வந்தது சிக்கலானது.

கத்திதான் மருந்து

"ஆபரேஷன் வேண்டாம் டாக்டர், மருந்திலேயே கரைச்சிடுங்களேன்" என்பார்கள். இந்தக் கட்டியில் ரத்தக் குழாய்கள் குறைவு. செல்கள் பெருகும் வேகமும் குறைவு. அதனால் வழக்கமான ரகத்துக்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கை, கால் எலும்புக்குள் அடங்கிய முதல் கிரேடு கட்டியைச் சுரண்டி எடுத்து, குழியில் ஃபீனால் தடவியோ, திரவ நைட்ரஜனால் உறைய வைத்தோ மிச்ச செல்களை அழித்து, எலும்பு சிமென்ட்டால் நிரப்புவார்கள். அடுத்த கிரேடுகளுக்கும் இடுப்பெலும்புக்கும் இது போதாது. அழுகல் பட்ட உருளைக்கிழங்கைச் சுற்றியுள்ள நல்ல பாகத்தோடு சேர்த்து நறுக்கி எறிவோமே, அதுபோல கட்டியை உடைக்காமல், சுற்றிலும் நல்ல தசையோடு முழுசாக எடுக்க வேண்டும். உடைந்தால் செல்கள் சிதறி மீண்டும் முளைக்கும்.

அப்படியானால் கால்? ஒரு காலத்தில் காலையே எடுத்தார்கள். இன்று பலருக்கும் எலும்பை மட்டும் நீக்கி, உலோகத்தாலான செயற்கை எலும்பும் மூட்டும் பொருத்திவிடுகிறார்கள். முக்கியமான ரத்தக் குழாயும் நரம்பும் கட்டிக்குள் சிக்கியிருந்தால்தான் காலை எடுக்கும் நிலை வரும்.

ஊசி குத்துமுன்...

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். 'பயாப்ஸி ஊசிதானே' என்று எங்காவது குத்திக்கொள்ளக் கூடாது. ஊசி போன வழியையும் ஆபரேஷனில் வெட்டி எடுக்க வேண்டி வரலாம். தப்பான இடத்தில் குத்தினால், காப்பாற்றியிருக்கக் கூடிய காலும் கையை விட்டுப் போகலாம். எலும்புப் புற்றில் அனுபவமுள்ள சர்ஜன் இருக்கும் மருத்துவமனையிலேயே பயாப்ஸியும் நடக்கட்டும். வீக்கத்தை நீவுவது, கட்டுப் போடுவது கூடவே கூடாது.

மறைக்காதீர்கள்

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!" பாசம் புரிகிறது. ஆனால், இந்த நோய் பத்து வருடம் கழித்தும் திரும்பி வரக்கூடியது. ஆபரேஷன் ஆன இடத்தையும் நுரையீரலையும் வருடக்கணக்கில் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தனக்கு என்ன வந்தது என்றே தெரியாதவர், 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆஸ்பத்திரி?' என்று பாதியில் நிறுத்திவிடுவார். பக்குவமாகச் சொல்லுங்கள். அவரும் தன் பங்குக்கு எச்சரிக்கையாக இருப்பார்!